விருந்து வைக்காத புதுநன்மை

அன்புள்ள அக்கா,

எங்களுக்குத் தேவகோட்டைப் பக்கம். கோயில் பாடற்குழுவில் பத்து வருடமாகப் பாடுகிறேன். போன வருடம் கணவர் கடையை மூடவேண்டி வந்தது. அதனால் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு விருந்து வைக்கவில்லை. வந்தவர்களுக்குக் கேக்கும் காபியும்தான். பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் அதைச் சொல்லிக்காட்டினார்கள். அன்றிலிருந்து கூட்டத்துக்கும் போகவில்லை, பாடவும் போகவில்லை. செபமாலை சொல்லும்போதுகூட அந்தப் பேச்சுதான் காதில் கேட்கிறது. எனக்கு விசுவாசம் குறைவா?

ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு,

குறைவே இல்லை. பேதுருவுக்கே இது நேர்ந்திருக்கிறது. அந்தியோக்கியாவில் யூதரல்லாத பிற இனத்தாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத ஆட்கள் வந்ததும், அவர்கள் என்ன சொல்வார்களோ என்று மெல்ல விலகிக்கொண்டார். கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சாட்டையடிக்கு அசையாத மனிதர் பந்தியில் பயந்துவிட்டார். நம் பக்கத்துப் பந்தியைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டுமா? இலையில் எத்தனை வகை வைத்தார்கள் என்பதை வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

நானும் அதில் வளர்ந்தவள்தான். நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, "முற்றம் இல்லாம என்ன வீடு?" என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார். மூன்று நாள் தூக்கமில்லை. அப்புறம்தான் தரைக்குக் கல் எடுக்க ஆத்தங்குடிக்குப் போனது நினைவுக்கு வந்தது. அங்கே கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, நிறக்கலவையைச் சிறு கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றிப் பூப்போடுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துகிறார்கள். பூ முழுக்கக் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கிறது. நின்று பார்க்கிற நமக்குச் சாம்பல்நிற முதுகுதான் தெரியும். தேய்த்து மெருகேற்றுவதெல்லாம் கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்ததால் வந்தது. உறவுக்காரர் பார்த்தது என் முதுகைத்தான் என்று அன்று இரவு தோன்றியது. தூங்கிவிட்டேன்.

யோர்தானில் இயேசு திருமுழுக்குப் பெற்றபோது, "என் அன்பார்ந்த மகன் நீயே" என்று வானத்திலிருந்து குரல் கேட்டது. மாற்கு நற்செய்தியில் அதற்கு முன் ஒரு நோயாளிகூட குணமாகவில்லை, ஒரு அப்பம்கூடப் பலுகவில்லை. எதுவும் செய்து காட்டுவதற்கு முன்பே தந்தை மகனைப் பார்த்துப் பூரித்துவிட்டார். நானும் திருமுழுக்குப் பெற்றவள். அந்தக் குரல் எனக்கும் உண்டு என்று நம்புகிற நாட்களில் யார் என்ன சொன்னாலும் என் கால் தரையில் இருக்கிறது.

ஓரியூர் உங்களுக்குப் பக்கம்தானே. இங்கே மறைப்பணிக்கு வந்த புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) போர்த்துகல் அரசவையில் வளர்ந்தவர். இங்கிருந்து ஊர் திரும்பியபோது, அங்கேயே இருந்துவிடும்படி அரசரே விரும்பினார். அவர் மறவர் சீமைக்கே திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் உயிரைக் கொடுத்தார். அடுத்த முறை அந்தச் செம்மண்ணில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்லவேண்டும். அந்தியோக்கியாவில் பேதுரு விலகியதற்காகப் பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். அப்படி நம் நன்மைக்காகச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். உங்களிடம் சொல்லிக்காட்டியது அந்த வகை இல்லை.

விருந்து வைத்த வீட்டுப் பிள்ளைக்கும் உங்கள் மகளுக்கும் அன்று குருவானவர் கொடுத்த அப்பம் ஒரே அளவுதான். அவளிடம் இதைச் சொல்லுங்கள். அவளும் அந்தப் பேச்சைக் கேட்டிருப்பாள். அடுத்த அன்பியத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடையைப் பற்றிக் கேட்டால், "மூடிட்டோம்" என்று சொல்லிவிட்டுப் பாட்டு நோட்டைத் திறங்கள்.