மூடுபல்லக்குக்குள் யார்?

கேள்வி: இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘பொன்னியின் செல்வனில் இலக்கிய உத்திகள்’ என்று அசைன்மென்ட் கொடுத்திருக்கிறார்கள். உவமை, குறியீடு, முன்னுணர்த்தல் என்று கைடில் பெரிய பட்டியலே இருக்கிறது. ஆனால் இவை கதையை எப்படி ஆழமாக்குகின்றன என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எப்படி எழுதுவது?

பதில்: முதலில் கைடை மூடி வையுங்கள். உத்தியின் பெயர் தெரிவது வேறு, அது செய்யும் வேலை தெரிவது வேறு. அதை எடுத்துவிட்டால் காட்சியில் என்ன குறைகிறது என்று கேட்டுப் பாருங்கள். குறைவதை எழுதுங்கள். ஒன்றும் குறையவில்லையா, அந்த உதாரணத்தை விட்டுவிடுங்கள்.

முதல் அத்தியாயத்தையே எடுங்கள். ஆடிப்பெருக்கு நாள். வீரநாராயண ஏரிக்கரையில் புது வெள்ளமும் பாட்டும் கூத்துமாக இருக்கிறது. பனைமரக் கொடியோடு சிற்றரசர் பழுவேட்டரையரின் படகுகள் வருகின்றன. வீரர்கள் மக்களை விலக்க, அவர்கள் பேசாமல் பாத்திரம் பண்டத்தை எடுத்துக்கொண்டு கரையேறுகிறார்கள். அரசர் சுந்தர சோழர்தான். ஆனால் ஊர் வாயடைத்து நிற்பது வேறொருவருக்கு. விளக்கம் வரும் முன்பே அதிகாரம் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அடுத்து அந்த மூடுபல்லக்கு. உள்ளே கிழவர் பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி என்று எல்லாரும் நினைக்கிறார்கள், கேலி செய்கிறார்கள். நாமும் சேர்ந்து சிரிக்கிறோம். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் அதிலிருந்து இறங்குகிறவன் அரசரின் பெரியப்பா மகன் மதுராந்தகன்! ஊர் செய்த கேலியே அவனை அரியணையேற்றும் சதிக்குத் திரையாக இருந்திருக்கிறது. இன்னொன்றும் பாருங்கள்: அரியணை கேட்கிற ஆள், முகம் காட்ட முடியாமல் ராணியின் பல்லக்கில் ஒளிந்து வருகிறான். அவன் நிலைமைக்கு இதைவிட நல்ல படம் வேண்டுமா? இதை எழுதாமல் ‘பல்லக்கு ஒரு குறியீடு’ என்று மட்டும் எழுதி என்ன பயன்? வால் நட்சத்திரம், மீன் சின்னம் பொறித்த வாள் இரண்டையும் இதே மாதிரி நீங்களே சோதித்துப் பாருங்கள்.

ஒரு விலக்கு. திரும்பத் திரும்ப வருவதெல்லாம் குறியீடு ஆகிவிடாது. இது 1950 முதல் 1954 வரை வார இதழில் வந்த தொடர்கதை. போன வாரம் என்ன நடந்தது என்று வாசகருக்கு நினைவூட்டியாக வேண்டும். அதனால் நடந்ததையே சில இடங்களில் மறுபடி சொல்லியிருக்கும். அத்தியாயம் முடிகிற இடத்தில் கத்தி வீசுவதும் அடுத்த வாரம் இதழ் வாங்க வைக்கத்தான். நினைவூட்டலா, உத்தியா என்று சந்தேகம் வந்தால், இரண்டாம் முறை வரும்போது பொருள் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் அது வெறும் நினைவூட்டல். இந்த இடத்தில்தான் மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள்.

ஜெராக்ஸ் கடையில் ரெடிமேட் அசைன்மென்ட் கிடைக்கும், வாங்காதீர்கள். என்னிடம் ஒரே வகுப்பிலிருந்து வந்த பதினோரு தாள்களில் நந்தினி ‘பாண்டிய நாட்டு வரலாற்று அரசி’ ஆகியிருந்தாள். நந்தினி கற்பனைப் பாத்திரம். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டது வரலாறு. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் உள்ளிட்ட துரோகிகளின் பெயரைச் சொல்கிறது. கொன்ற கை யாருடையது என்பதை நாவல் மூட்டமாகவே விட்டிருக்கிறது, அதுவும் ஒரு உத்திதான். பட்டியலுக்கு மதிப்பெண் போடுகிற விடைக்குறிப்பு இருக்கும்வரை இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்ற அலுப்பு எனக்கும் உண்டு. சரி, அது உங்கள் தவறில்லை.

அப்புறம், நூல் நாட்டுடைமையானது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கடையில் வாங்குவதானால் அட்டையை நம்பாதீர்கள். ‘புது வெள்ளம்’ முதல் ‘தியாக சிகரம்’ வரை ஐந்து பாகமும் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். சுருக்கப் பதிப்பில் முதலில் வெட்டுப்படுவது ஏரிக்கரை மாதிரியான வர்ணனைகள்தான்.