சென்னை மொட்டை மாடியில் லாவெண்டரும் ரோஸ்மேரியும் வளருமா?

நர்சரியில் மூன்று முறை வாங்கியும் மூன்று முறையும் செத்துவிட்டது, ஆன்லைனில் விதை வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரோஸ்மேரி வரும், அதைக் கொஞ்சம் கண்டுகொள்ளாமல் விட்டால். லாவெண்டர், அதாவது படங்களில் ஊதா வயலாக விரிந்து கிடக்கிறதே அந்த லாவெண்டர், சென்னையில் வராது. அதற்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி உண்டு, அவளை வேண்டுமானால் முயன்று பார்க்கலாம். விதைக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் தோட்டக்கலை படித்தவள் இல்லை. வங்கி வேலை, மாற்றல் போட்ட ஊருக்கெல்லாம் மூட்டை கட்டியவள். ஓய்வுக்குப் பிறகு வருடத்தில் சில மாதம் கனடாவில் மகள் வீட்டில். ஆக, இந்த இரண்டு செடிகளையும் நான்கு ஊர்களில் வளர்த்திருக்கிறேன், இரண்டு ஊர்களில் கொன்றிருக்கிறேன்.

முதல் கொலை சென்னையில்தான். ஆதம்பாக்கத்தில் மாடி வீடு. நர்சரியிலிருந்து ஒரு ரோஸ்மேரி, ஒரு லாவெண்டர் வாங்கி வந்து, துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்து, காலையில் துளசிக்கு ஒரு சொம்பு, இதற்கு ஒரு சொம்பு என்று ஊற்றினேன். பத்தாம் நாள் ரோஸ்மேரி தலை தொங்கியது. வெயில் தாங்கவில்லை போல என்று மாலையிலும் ஒரு சொம்பு. அடுத்த வாரம் இலையெல்லாம் பழுப்பு. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, சாக்கடை வாடை. ஈர மண்ணில் நின்றுகொண்டு வாடுகிற செடி தண்ணீர் கேட்கவில்லை, அதற்கு மூச்சு முட்டுகிறது. வேர் அழுகிவிட்டால் தண்ணீரை உறிஞ்ச வழி இல்லை, அதனால் இலை வாடும். இலை வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம். உங்கள் மூன்று செடிகளும் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

துளசி, புதினா, கற்பூரவல்லி, ரோஸ்மேரி, லாவெண்டர் எல்லாம் ஒரே குடும்பம். அதனால்தான் நாம் ஏமாறுகிறோம். பிறந்த வீடு வேறு. இந்த இரண்டும் மத்தியதரைக்கடலைச் சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் வளர்ந்தவை. அங்கே மழை குளிர்காலத்தில் வரும், கோடை காய்ந்து கிடக்கும். ரோஸ்மேரி இலையைத் திருப்பிப் பாருங்கள்: ஊசி மாதிரி ஒல்லி, ஓரம் உள்பக்கம் மடிந்திருக்கும், அடியில் வெள்ளைப் பஞ்சு. எல்லாம் தண்ணீரைச் செலவழிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு. இப்படிக் கஞ்சத்தனமாக வாழப் பழகியதற்கு நாம் தினம் இரண்டு வேளை விருந்து வைக்கிறோம்.

வெயில்தான் எதிரி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தெற்கு ஸ்பெயினிலும் கோடையில் 38 டிகிரி அடிக்கும், அங்கே ரோஸ்மேரி காட்டுச் செடி. ஆனால் அங்கே காற்று உலர்ந்தது, ராத்திரி குளிர்ந்துவிடும். சென்னையில் மே மாத ராத்திரியே 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காது, கூடவே கடல் காற்றின் பிசுபிசுப்பு. அதையும் தாண்டி வந்தால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்தில்தான். சென்னையில் இந்தச் செடிகளுக்கு உண்மையான கண்டம் ஐப்பசி, கார்த்திகை.

கோத்தகிரி கிளைக்கு மாற்றல் ஆனபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. சுமார் 1,800 மீட்டர் உயரம். வீட்டுக்கார அம்மா வேலி ஓரம் முழுக்க ரோஸ்மேரி வைத்திருந்தார், இடுப்பு உயரம், வெளிர் நீலப் பூ. நான் பழக்க தோஷத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு போனேன். "மேடம், அதுக்குத் தண்ணி காட்டாதீங்க, கோவிச்சுக்கும்" என்றார். மூன்று வருடமும் அதற்கு மழைத் தண்ணீர் மட்டும்தான். நீலகிரியில் ரோஸ்மேரியைப் பயிராகவே போடுகிறார்கள். ஊட்டியில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 'ஊட்டி 1' என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. அந்த வேலியை உரசிக்கொண்டு போனால் கொஞ்சம் நீலகிரித் தைலம் வாசம் வரும். கற்பனை இல்லை. யூகலிப்டஸ் தைலத்தின் முக்கியச் சரக்கான சினியோல் ரோஸ்மேரி எண்ணெயிலும் இருக்கிறது.

லாவெண்டர் அங்கேயும் அவ்வளவு சுலபமாக வரவில்லை. தேயிலை விளைகிற மண் என்றால் அமில மண், லாவெண்டருக்கோ சுண்ணாம்புச் சத்து வேண்டும். தேயிலைக்காரர்கள் போடும் டோலமைட்டில், அதாவது சுண்ணாம்புச் சத்துள்ள கல் தூளில், இரண்டு கைப்பிடி வாங்கிக் கலந்தேன், தேறியது. ஆடி மாத மூடுபனியில் புதரின் நடுப்பகுதி அழுகியது, அதை வெட்டி எறிந்தேன், ஓரம் பிழைத்துக்கொண்டது. அது பல் லாவெண்டர், டென்டாடா என்பார்கள். இலை ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும். நான் சொன்ன ஒன்றுவிட்ட தங்கை இவள்தான்.

இடையில் பெங்களூரில் இரண்டு வருடம். அங்கே ரோஸ்மேரி வளர்ப்பது ஒரு சாதனையே இல்லை, விட்டுவிடுகிறேன்.

கனடாவில் கதை தலைகீழ். மகள் இருப்பது ஸ்கார்பரோவில். முதல் குளிர்காலத்தில் வாசலில் விட்ட ரோஸ்மேரி ஜனவரிக்குள் போய்ச் சேர்ந்தது. சாதாரண ரகங்கள் மைனஸ் 7, 10 டிகிரிக்குமேல் தாங்காது, அங்கே மைனஸ் 20 வரை போகும். டெக்சாஸில் ஆர்ப் என்ற ஊரில் கண்டெடுத்து அந்தப் பெயரிலேயே விற்கிற ரகம் இன்னும் அதிகக் குளிர் தாங்கும். அடுத்த வருடம் செடியை வீட்டுக்குள் கொண்டுவந்து, பாவம் குளிருமே என்று ஹீட்டர் காற்று வரும் இடத்தில் வைத்தோம். காய்ந்து உதிர்ந்தது. மூன்றாவதை, ஹீட்டர் இல்லாத, கண்ணாடி போட்ட முன்திண்ணையில், நல்ல வெளிச்சத்தில் வைத்தோம். சுமார் 10 டிகிரி இருக்கும். அது பிழைத்தது.

லாவெண்டர் மட்டும் வெளியே மண்ணிலேயே, பனிக்குள் புதைந்து கிடந்தது. அசல் லாவெண்டரில் மன்ஸ்டெட் என்ற ரகம். ஏப்ரலில் பார்த்தால் சாம்பல் நிறக் குச்சிகள். பிடுங்கப் போனவளை மகள் தடுத்தாள்: "அம்மா, மே மாசம் வரைக்கும் கை வைக்காதே." மே நடுவில் அடியிலிருந்து பச்சை துளிர்த்து, ஜூன் கடைசியில் பூத்தது. அந்த ரகம் நன்றாகப் பூக்கவே சில வாரக் குளிர் வேண்டும். அங்குஸ்டிஃபோலியா என்கிற அசல் லாவெண்டர் சென்னையில் இலையோடு உயிர் பிடித்து நின்றாலும், அந்தக் குளிருக்கு எங்கே போவீர்கள்?

லாவெண்டருக்குப் பேர்போன பிரான்சின் புரோவான்ஸ் பகுதியிலேயே இதை வீம்புக்கு வளர்ப்பதில்லை. அசல் லாவெண்டரை 800 மீட்டருக்கு மேலே மலையில் வைக்கிறார்கள். கீழே சமவெளியில் லாவண்டின் என்கிற கலப்பினம். அதில் எண்ணெய் அதிகம், வாசத்தில் கற்பூர நெடி தூக்கலாக இருக்கும். வலன்சோல் பீடபூமியின் புகழ்பெற்ற படங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கலப்பினத்தைத்தான். நம் நாட்டிலும் ஜம்முவின் தோடா மாவட்டத்தில், பதர்வா பக்கம், மக்காச்சோளம் போட்ட விவசாயிகள் லாவெண்டருக்கு மாறியதை 'ஊதாப் புரட்சி' என்று கொண்டாடுகிறார்கள். அது பனி விழுகிற ஊர்.

சரி, உங்கள் மாடி. ஜனவரியில் வாங்குங்கள், மழை ஓய்ந்த பிறகு. வெயில் ஏறுவதற்குள் வேர் பிடிக்க மூன்று மாதம் கிடைக்கும். நர்சரிச் செடிகள் பெரும்பாலும் கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த் தூளில்தான் வரும். லாரியில் தூக்க அது லேசு, தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்துவைக்கும், இந்தச் செடிக்கு அதுதான் எமன். வீட்டுக்கு வந்ததும் வேரைச் சுற்றியுள்ள கோகோபீட்டைக் கையால் மெதுவாக உதிர்த்துவிடுங்கள். முழுக்க அலசி எடுக்கவேண்டாம், வேர் அறுந்துவிடும்.

பிளாஸ்டிக் வேண்டாம், மண் தொட்டி. செம்மண் ஒரு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, மக்கிய உரம் அரைப் பங்கு. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்சாண்ட் போதும், ஆனால் இரண்டு தண்ணீர் அலசிவிட்டுப் போடுங்கள். அதிலுள்ள மாவுத் தூள் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காமல் இரண்டு செங்கல்லில் தூக்கி வையுங்கள். மேல் மண் ஈரத்தைப் பார்த்து ஏமாறாமல் விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, அங்கேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள், ஊற்றினால் அடித்துளை வழியாக வடியும் வரை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால், மண்மேல் வெள்ளையாகப் படியும்போது ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி வடியவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மட்டும் பச்சை வலை நிழல். அக்டோபர் பிறந்ததும் தொட்டியைச் சன்ஷேடுக்குக் கீழே, காற்று வருகிற இடத்துக்கு நகர்த்துங்கள். இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது.

உரத்தில் கை தாராளம் வேண்டாம். மண்புழு உரமும் பஞ்சகவ்யமும் ஊட்டினால் செடி மொழுமொழுவென்று வளரும், வாசம் இருக்காது. இலையில் எண்ணெய் சுரப்பது வெயிலிலும் வறுமையிலும்தான். கிள்ளும்போது பச்சைத் தண்டு வரைக்கும் மட்டும். அடியில் மரமாகிவிட்ட கட்டையில் வெட்டினால், குறிப்பாக லாவெண்டர், திரும்பத் துளிர்க்காது.

(முடிக்கு ரோஸ்மேரி தண்ணீர் தெளிக்கத்தான் கேட்கிறீர்கள் என்றால், முதல் வருடம் செடியை மொட்டையடிக்காதீர்கள். உங்கள் முடி வளர்வதற்குள் அதன் முடி போய்விடும்.)

லாவெண்டரில் டென்டாடா கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். அதையும் ஒரு பருவத்துச் செடியாக நினைத்துக்கொள்ளுங்கள், மழைக்குப் பிறகும் இருந்தால் லாபம். வாசம்தான் வேண்டும், பெயர் முக்கியமில்லை என்றால் மரிக்கொழுந்தும் மருவும் இருக்கின்றன. பூக்கடையில் முழம் போடும்போது இடையில் வைத்துக் கட்டுவார்களே, அதே வாசம். அவற்றை ஏனோ யாரும் இன்ஸ்டாகிராமில் போடுவதில்லை.

இப்போது விதை. வாங்காதீர்கள். ரோஸ்மேரி விதை முளைப்பது அபூர்வம், லாவண்டின் கலப்பினத்துக்கு முளைக்கிற விதையே கிடையாது, அசல் லாவெண்டர் முளைத்தாலும் சென்னைக்கு ஆகாது. உயிரோடு இருக்கிற செடியிலிருந்து ஒரு விரல் நீளப் பச்சைக் குச்சி கிள்ளி, கீழ்ப் பாதி இலையை உருவிவிட்டு, ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள், ஐந்தாறு வாரத்தில் வேர் விடும். ஐந்து குச்சி நட்டால் எனக்கு இரண்டு தேறும். பாக்கெட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், விதையை ஈர டிஷ்யூவில் மடித்து ஒரு டப்பாவில் போட்டு மூன்று வாரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு விதைத்துப் பாருங்கள். டப்பாமேல் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அதைக் கசகசா என்று நினைத்துக் குருமாவில் அரைத்துவிட்டார்கள்.