கடைசி வாங்கிலிருந்து

மதிப்புக்குரிய ரீச்சர்,

நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். வயது 46. ஒரு தனியார் நிறுவனத்தில் 18 பேர் வேலை செய்யும் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். நிறுவனத்தின் செலவில் ஆறு மாதங்களாக ஒரு கோச்சிடம், அதாவது நம் குணத்தையும் வேலை செய்யும் விதத்தையும் மேம்படுத்த உதவும் பயிற்சியாளரிடம், சென்று வந்தேன். என் ஆளுமை வகை எது, எந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது என்பதெல்லாம் இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் மனைவி, "உங்களில் ஒரு மாற்றமும் இல்லை" என்கிறார். மகளும் முன்போலவே நான் வந்ததும் அறைக்குள் போய்விடுகிறாள். இந்த வயதில் ஒருவர் மாற முடியுமா? வேறொரு கோச்சைத் தேடலாமா, அல்லது இதெல்லாம் வெறும் வியாபாரமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே அதன் சுருக்கத்தை மட்டுமே தந்திருக்கிறேன். வீட்டில் பழைய பாடக்குறிப்புகளை ஒதுக்கும்போது கையில் அகப்பட்ட ஒரு தாளைப் பற்றிச் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் இது வந்ததால்தான் உடனே எழுதுகிறேன்.

வியாபாரமா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். கோச் என்று அட்டை அடித்துக்கொள்வதற்கு அனுமதிப்பத்திரம் எதுவும் தேவையில்லை. ஆகவே எங்கே பயின்றார் என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆளுமை வகையையும் ஒரு பக்கம் வையுங்கள். அது உங்களுக்குப் பேச ஒரு சொல்லைத் தந்திருக்கிறது, அவ்வளவுதான்.

என்னை வருத்தியது வேறு. நான்கு பக்கத்தில் மனைவிக்கு ஒரு வரி, மகளுக்கு ஒரு வரி. மாற்றமில்லை என்று மனைவி சொன்னபோது, "எதைக் கண்டு சொல்கிறீர்?" என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா, தம்பி? கேட்டிருந்தால் அதை எழுதியிருப்பீர்கள். ஆறு மாதம் உங்களை நீங்களே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். பதினைந்து வருடமாக உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. இது தன்னை அறிதல் அல்ல. தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருத்தல்.

நம் ஊரில் முன்பு ரயிலைக் கோச்சி என்றோம். அந்தச் சொல்லும் உங்கள் கோச்சும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. ஹங்கேரியில் கோச் என்றொரு கிராமம். அங்கே செய்த குதிரை வண்டிக்கு ஊரின் பெயரே பெயராகி ஐரோப்பாவெங்கும் பரவியது. 19ஆம் நூற்றாண்டில் மாணவனைப் பரீட்சை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் தனி ஆசிரியரையும் ஆங்கிலேயர் அந்தப் பெயரால் அழைத்தார்கள். நீங்களும் ஏறி உட்கார்ந்தால் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள் என்று நம்பிப் போயிருக்கிறீர்கள்.

இனி அந்தத் தாள். 1991இல் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் ஒன்பதாம் ஆண்டுக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். பிள்ளைகளைப் பேச விடுகிற ஆசிரியை என்றே என்னை நினைத்திருந்தேன். ஒருநாள் ஆசிரிய ஆலோசகர் ஒருவர் வந்து கடைசி வாங்கில் அமர்ந்தார். பாடம் முடியும்வரை ஒரு சொல் பேசவில்லை. முடிந்ததும் ஒரு கோடிட்ட தாளைத் தந்தார். நாற்பது நிமிடத்தில் நான் கேட்ட கேள்விகள் 53. பதில் சொன்ன பிள்ளைகள், 34 பேரில் ஆறு பேர். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் நான் காத்திருந்த நேரத்தை நீல மையில் குறித்திருந்தார்: ஒரு வினாடி, ஒரு வினாடி, அரை, ஒன்று. பெரும்பாலான பதில்களை நானே சொல்லியிருந்தேன்.

எனக்கு அழுகை வந்தது. அவர் கண்டிக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் பொதுவாக ஒரு வினாடியளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டதையும், அதை மூன்று வினாடிக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டதையும், வாய் திறவாத பிள்ளைகள் பேசத் தொடங்கியதையும் மட்டும் சொன்னார். "நாளைக்கு மூன்று வரை மனதுக்குள் எண்ணுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம்" என்றார்.

அந்த "வேறு எதையும் மாற்ற வேண்டாம்" என்பதைத்தான் உங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். டென்னிஸ் பயிற்சியாளர் டிமதி கால்வே 1974இல் வெளியிட்ட நூல் இன்றைய கோச்சிங்குக்கு ஒரு வேர். பந்து தரையில் பட்டதும் ஒரு சொல், மட்டையில் பட்டதும் ஒரு சொல் என்று உரக்கச் சொல்ல வைப்பார், கையைத் திருத்தமாட்டார். நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாமல் நடப்பதைக் கவனித்தால் கை தானாகத் திருந்தியது. நீங்களோ கோபம், பொறுமை, தலைமைத்துவம் என்று அத்தனையையும் ஒன்றாகத் திருத்தப் புறப்பட்டிருக்கிறீர்கள். எண்ணக்கூடிய ஒன்றை எடுங்கள். மகள் பேசும்போது எத்தனை தடவை இடைமறிக்கிறீர்கள்? அதை நீங்கள் எண்ண வேண்டாம், மனைவி எண்ணட்டும். உங்கள் கணக்கில் அது எப்போதும் குறைவாகத்தான் வரும். என் கணக்கிலும் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் நான் கேட்ட கேள்வி, ஈரச் சேலை நிழலிலும் ஏன் உலர்கிறது என்பது. ஒன்று, இரண்டு, மூன்று. அந்த அமைதி தாங்க முடியாததாக இருந்தது. கையிலிருந்த வெண்கட்டியை முறித்துவிட்டேன். அப்போது கடைசி வாங்கில் ஒரு பிள்ளை எழுந்தாள். அந்த வருடம் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. "எங்கட தொடர்மாடியில மழை நாளையில ரெண்டு நாளானாலும் காயாது ரீச்சர். காத்தில ஏற்கெனவே தண்ணி நிறைய இருக்கிறதாலயா?" என்றாள். என் பாடக்குறிப்பில் அது இல்லை. அதுதான் சரியான விளக்கம்.

வேறொரு கோச்சிடம் போவதா என்பதை அடுத்த மாதம் பேசுவோம். முதலில் மகளிடம் கேட்டுவிட்டு, அவள் சொன்னதை அப்படியே எனக்கு எழுதுங்கள். உங்கள் விளக்கத்தைச் சேர்க்க வேண்டாம்.

அன்புடன்,
ரீச்சர்