இங்கிலாந்தின் யார்க் நகரத்துத் திருச்சபை ஆவணங்கள்: கேள்வி பதில்

கேள்வி: மேடம், என் மாமியார் வழியினர் யார்க்ஷயர்காரர்கள். 1400 வாக்கில் அவர்களின் ஞானஸ்நானப் பதிவு எங்கே கிடைக்கும்?

பதில்: எங்கேயும் கிடைக்காது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பங்குக் கோயில்கள், அதாவது அந்தந்த ஊர்த் தேவாலயங்கள், ஏட்டில் எழுத வேண்டும் என்று எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டதே 1538இல்தான். 1400இன் ஞானஸ்நானப் பதிவைக் காட்டுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். உயில்களைத் தேடுங்கள். யார்க்கின் உயில் பதிவேடுகள் 1389இல் தொடங்குகின்றன.

கேள்வி: பிறப்புப் பதிவே இல்லையென்றால், வயதில் தகராறு வந்தால் என்ன செய்தார்கள்?

பதில்: இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். 1365இல் யார்க் பேராயரின் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஜான் மரேஸ் என்பவர், ஆலிஸ் டி ரூக்ளிஃப் தன் மனைவி என்கிறார். ஆலிஸ் யார்க்கை ஒட்டிய கிராமத்துச் சிறுமி, நிலத்துக்கு வாரிசு. பெண்ணுக்கு 12 வயது நிறைந்தால்தான் திருமணச் சம்மதம் அவளைக் கட்டுப்படுத்தும் என்பது திருச்சபைச் சட்டம். ஆணுக்கு 14. அதனால் வழக்கே அவள் எப்போது பிறந்தாள் என்ற ஒரே கேள்வியில் வந்து நின்றது.

ஊர்ப் பெண்கள் சாட்சிக்கு வந்தார்கள். என் பிள்ளையும் அந்தச் சமயத்தில்தான் பிறந்தது, இன்னார் இறந்து இத்தனை வருடம் ஆகிறது என்று தங்கள் வாழ்க்கையிலிருந்தே கணக்குச் சொன்னார்கள். பிரசவ விஷயத்தில் பெண்கள் சொல்லுக்கு நீதிமன்றம் காது கொடுத்தது. இதற்கிடையில் ஜானின் சகோதரி வீட்டிலிருந்த ஆலிஸை, அவளுக்குக் காப்பாளர் நான்தான் என்று சொன்ன உறவினர் ஒருவர் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்து தூக்கிப் போய்விட்டார். கடைசியில் ஜான் பக்கம்தான் தீர்ப்பானது.

கேள்வி: ஜானுக்குப் பின்பலமாக யார்க்கின் செயின்ட் மேரி துறவி மடம் இருந்தது. சாட்சிகளில் பலர் அந்த மடத்தை அண்டிப் பிழைத்தவர்கள். சாட்சி முழுக்கப் பொய் என்றுதானே அர்த்தம்?

கேள்வி: மேலே கேட்டவருக்கு என் மறுப்பு. எழுத்தறியாத பெண்களின் சொந்தக் குரல் நமக்குக் கிடைக்கிற இடமே இதுதான். அதையும் பொய் என்று தள்ளினால் என்ன மிஞ்சும்?

பதில்: இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். அது சொந்தக் குரல் இல்லை. வக்கீல்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விகளுக்குச் சாட்சி ஆங்கிலத்தில் பதில் சொல்வார். குமாஸ்தா அதை லத்தீனில், ‘அவர் சொல்கிறார்’ என்று படர்க்கையில் எழுதுவார். ஆகவே, நீதிமன்றத் தாளை ஊரின் புகைப்படமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதற்காகப் பொய் என்று மூட்டை கட்டி வைக்கவும் முடியாது. பொய்ச் சாட்சி சொல்பவரும் நம்பும்படி சொல்லியாக வேண்டும். பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போனேன் என்று ஒருத்தி சொன்னால், அன்றைக்கு அவள் போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் பிரசவ வீட்டுக்குப் பெண்கள் போய்வருவது வழக்கம் என்பது உறுதியாகிவிடுகிறது. ஆலிஸின் வயது என்ன என்பதைவிட இந்த மாதிரி வாழ்க்கைத் துணுக்குகளுக்காகத்தான் நான் இந்த வழக்கைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

கேள்வி: பாதிரியார் இல்லாமலே கல்யாணம் செல்லுமாமே?

பதில்: செல்லும். ‘உன்னை என் மனைவியாக ஏற்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் இருவரும் சம்மதம் சொன்னால் போதும், சமையலறையில் சொன்னாலும் சரி. திருச்சபை அதைக் கண்டித்தது, ஆனால் செல்லாது என்று சொல்லவில்லை. ஒருவர் சொன்னேன் என்பார், மற்றவர் சொல்லவே இல்லை என்பார். வழக்குகள் குவிந்தது இதனால்தான். கல்யாணமாகாமல் கூடி வாழ்ந்து திரும்பத் திரும்பப் பிடிபட்டவர்களிடம், இனி சேர்ந்தால் அன்றிலிருந்து நாங்கள் கணவன் மனைவி என்று சத்தியம் வாங்கிய வழக்கமும் இருந்தது.

கேள்வி: வட இங்கிலாந்தில் 1350இல் ஞானஸ்நானம் பெற்ற ஒருவரின் பதிவைத் தேடுகிறேன்…

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். 1538. பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: செத்ததாக நடித்து மடத்திலிருந்து ஓடிய கன்னியாஸ்திரி கதை உண்மையா?

பதில்: பேராயர் வில்லியம் மெல்டனின் பதிவேட்டில் 1318இல் இருக்கிறது. யார்க் செயின்ட் கிளமென்ட் மடத்து ஜோன் ஆஃப் லீட்ஸ் நோயாளி போல நடித்து, தன் உடலைப் போலவே ஒரு பொம்மையைச் செய்யவைத்து அடக்கம் செய்யவும் வைத்துவிட்டுப் போய்விட்டார் என்கிறது பேராயரின் கடிதம். அவரைத் திரும்பி வரச் சொல்லி எச்சரிக்க வேண்டும் என்பது உத்தரவு. இங்கேயும் எழுதியவர் பேராயரின் குமாஸ்தா. ஏன் போனார் என்று ஜோன் தன் வாயால் சொன்ன ஒரு வரிகூட அதில் இல்லை. எனக்கு அது பெரிய இழப்பு.

கேள்வி: அந்தக் காலத்துச் சாதாரண வீடு ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

பதில்: யார்க்கில் குட்ராம்கேட் தெருவுக்குப் போங்கள். ஹோலி டிரினிட்டி கோயிலின் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் 1316 வாக்கில் கட்டிய ‘லேடி ரோ’ என்ற வரிசை வீடுகள் இன்னும் நிற்கின்றன. மரச்சட்ட வீடுகள், மாடி தெருப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். இறந்தவர்களுக்குப் பூசை வைக்கும் குருவுக்கு வருமானம் வேண்டும், அதற்காகவே வாடகைக்கு விடக் கட்டினார்கள். கீழே கடைக்காரர் கட்டிய வாடகையில் பக்கத்துக் கோயிலில் பூசை நடந்தது.

கேள்வி: பைபிள் கதைகளைத் தெருவில் நடித்துக் காட்டிய நாடக வண்டிகள் பற்றி?

பதில்: அது என் துறை இல்லை. நடத்தியவர்கள் தொழில் சங்கத்தார் என்பதால் நகர ஆவணங்களில்தான் தேட வேண்டும். நோவாவின் பேழை கப்பல் தச்சர்களுக்கு, கடைசி இராவுணவு ரொட்டிக்காரர்களுக்கு என்று பங்கு பிரித்திருந்தார்கள்.

கேள்வி: மேடம், 1290இல் பிறந்த ஒருவரின் பதிவேடு…

பதில்: 1538!

கேள்வி: வழக்குத் தாள்களை இங்கிருந்தே பார்க்க முடியுமா?

பதில்: முடியும். யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் ஆவணக் காப்பகத்தில் 1300 முதலான வழக்குத் தாள்கள் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஒரே பெயரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள், எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். வழக்கின் சுருக்கத்தோடு நின்றுவிடாமல் சாட்சி வாக்குமூலங்கள் வரை போங்கள்.