யானைமலைக் கதையில் ஏன் பயம் வரவில்லை?

இடத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் இறங்கும் வழியை அடைத்துவிடுங்கள். உங்கள் கொலைக் கதையில், மதுரைப் பக்கத்து யானைமலை உச்சியில் ஐந்து பேர் சிக்கியும் படித்தவர்களுக்குப் பயமே வரவில்லை என்கிறீர்கள். எப்படி வரும்? கீழேயே ஒத்தக்கடை, மேலூர் பஸ் ஓடும் ரோடு! ஆளில்லாத இடம் மட்டும் போதாது. கிளம்ப முடியக்கூடாது, கொலைகாரனும் கூடவே இருக்க வேண்டும்.

மலைமேல் சிவன் கோயில் இருக்கும் சதுரகிரி பொருந்தும். அடிவாரத்தில் உள்ள தாணிப்பாறையிலிருந்து ஏறும் பாதை ஓடைகளைத் தாண்டிப் போகிறது. மழை பிடித்தால் பக்தர்கள் மேலேயே மாட்டிக்கொள்வார்கள். 2015 மே மாத வெள்ளத்தில் உயிர்களே போயின.

ஒவ்வொரு காட்சியிலும் ‘இவன் ஏன் இப்போதே இறங்கிப் போகவில்லை?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாத இடத்தில்தான் கதை தொய்யும்.

அப்புறம், சிக்னல் இல்லை என்பதைக் கொலைக்குப் பிறகு சொல்லாதீர்கள், வாசகர் சிரித்துவிடுவார். முதல் பக்கத்திலேயே அம்மாவிடம் பேசும்போது லைன் கட்டாகட்டும்.