டிவி, பழைய கண்ணாடி பிக்சர் டியூப்பிலிருந்து தட்டையான எல்சிடி திரைக்கு வந்த வழியில் இந்தியாவின் பங்கு ஏதாவது உண்டா?

உண்டு. அதுவும் நான் பிறந்து வளர்ந்த பெங்களூரிலேயே. தினமும் மேக்ரி சர்க்கிளைத் தாண்டிப் போகிற பலருக்கு அது தெரியாமல் இருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்பா அல்சூரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறை என்றால் நான் அங்கேதான். அவர் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, டியூப்பைத் தொடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதை. "சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டா கரன்ட் போயிடுச்சுன்னு நினைக்காதே. உள்ளேயே உக்காந்திருக்கும்" என்பார். கலர் டியூப்பில் 25,000 வோல்ட் வரை இருக்கும். கண்ணாடியே கெபாசிட்டர் மாதிரி அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். எர்த் கம்பி கட்டிய ஸ்க்ரூடிரைவரை ரப்பர் மூடிக்கு அடியில் அவர் நுழைத்ததும் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகுதான் என்னைப் பக்கத்தில் விடுவார்.

அவ்வளவு வோல்டேஜ் எதற்கு? டியூப்பின் கழுத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் திரையின் உட்புறத்தில் உள்ள பாஸ்பர் பூச்சில் வேகமாக மோதினால்தான் வெளிச்சம் வரும். கழுத்தைச் சுற்றியிருக்கும் காயில்கள் அந்தக் கதிரைக் கோடு கோடாக இழுத்துப் படம் வரையும். அந்தக் கால நம் நாட்டு டிவியில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். ஜெர்மன் இயற்பியலாளர் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1897இல் செய்த குழாயிலிருந்து வளர்ந்தது இது. ஆனால் கதிர் திரை முழுக்க விரிய ஆழம் வேண்டும். உள்ளே வெற்றிடம் என்பதால் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்கக் கனமான கண்ணாடியும் வேண்டும். 29 இன்ச் செட்டைக் கடைப்படி ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். சுவரில் மாட்டும் திரைக்கு வேறு வழிதான் வேண்டியிருந்தது.

அந்த வழி தொடங்கியது ஒரு தாவரவியலாளரிடம். 1888இல் பிராக் நகரில் ஃப்ரீட்ரிஷ் ரைனிட்சர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலைக் கொண்டு செய்த ஒரு பொருளைச் சூடாக்கினார். 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது. 178.5 டிகிரியில் சட்டென்று தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலை! திரவம் போல ஓடும், ஆனால் மூலக்கூறுகள் படிகத்தில் போல ஒழுங்காகத் திசை பார்த்து நிற்கும். இதுதான் திரவப் படிகம், அதாவது லிக்விட் கிரிஸ்டல். எல்சிடியின் முதல் இரண்டு எழுத்து இதுதான்.

1968இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மெயர் குழு இதை வைத்து டிஸ்பிளே செய்து காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தில் ஷாட், ஹெல்ஃப்ரிஷ் இருவரும் மூலக்கூறுகளை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 90 டிகிரி முறுக்கி வைத்தார்கள். முறுக்கோடு சேர்ந்து ஒளி அதிரும் திசையும் திரும்புவதால், மறுபக்கத்தில் இருக்கும் வடிகட்டித் தாள் அதை வெளியே விடும். மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் நிமிர்ந்துகொள்ளும், ஒளியின் திசை திரும்பாது, அதனால் தாள் அதைத் தடுத்துவிடும். சரி, ஆனால் அறை வெப்பத்தில் உறுதியாக உழைக்கும் பொருள் வேண்டுமே? அதை இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே செய்து கொடுத்தார். என்னைக் கேட்டால் எல்சிடி என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் சாதனை என்பதைவிட வேதியியலாளர்களின் சாதனை. தானே ஒளிரும் ஓஎல்இடியும் அப்படித்தான், 1987இல் கோடாக் ஆய்வகத்தின் கரிமச் சேர்மங்களிலிருந்து வந்தது.

இனி பெங்களூருக்கு வருகிறேன். சி.வி.ராமனின் சகோதரி மகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், 1971இல் மேக்ரி சர்க்கிள் அருகே உள்ள ராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிக ஆய்வகத்தைத் தொடங்கினார். (நட்சத்திர ஆய்வுக்கு நோபல் பெற்ற சந்திரசேகர் வேறு. அவரும் இதே குடும்பம்தான்.) அதுவரை குச்சி வடிவ மூலக்கூறுகள்தான் திரவப் படிகமாகும் என்று நினைத்திருந்தார்கள். 1977இல் சந்திரசேகரும் சதாசிவா, சுரேஷ் ஆகியோரும் தட்டு வடிவ மூலக்கூறுகளும் ஆகும், நாணயங்களை அடுக்கியதுபோல் தூண் தூணாக நிற்கும் என்று காட்டினார்கள். அதை அவர்கள் வெளியிட்டது 'பிரமாணா' என்ற நம் நாட்டு ஆய்விதழில். 1991இல் ஜாலஹள்ளியில் திரவப் படிகங்களுக்கென்றே ஒரு மையத்தையும் சந்திரசேகர் உருவாக்கினார்.

அப்பாவின் கடைக்கு முதன்முதலில் வந்த எல்சிடி மானிட்டர்களில், சாய்வாகப் பார்த்தால் படம் நெகட்டிவ் போலத் தெரியும். குச்சி மூலக்கூறுகள் நிற்கும் கோணத்தால் வருகிற குறை அது. 1990களின் நடுவில் ஜப்பானின் ஃபியூஜி ஃபிலிம் நிறுவனம் இதைச் சரிசெய்ய ஒரு மெல்லிய ஃபிலிமைக் கொண்டுவந்தது. அதில் பூசியிருந்தது தட்டு வடிவ மூலக்கூறுகள்! பெங்களூரில் ஆராய்ந்த அதே சேர்மம் இல்லை, ஆனால் அதே வகை.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட வாரம், உடைந்த ஒரு மானிட்டரிலிருந்து ஃபிலிமைப் பிரித்தெடுத்து அப்பாவிடம் கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம மேக்ரி சர்க்கிள்லயா?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் அந்தப் பக்கம் போனோம். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, உள்ளே தெரிந்த மரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.