லினக்ஸை யாராவது விலைக்கு வாங்கிவிட முடியுமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் சர்வர்கள் அனைத்தும் லினக்ஸில் இயங்குகின்றன. நாளை ஒரு பெரிய நிறுவனம் லினக்ஸை வாங்கி மூலநிரலைப் பூட்டிவிட்டால் என்ன செய்வது என்று நிர்வாகத்தில் கேட்கிறார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மனம் மாறினால் உரிமத்தை மாற்றிவிட முடியாதா? – வாசகர் ஒருவர், விருதுநகர்

பதில்: முடியாது. அவர் நல்லவர் என்பதால் அன்று. அந்த உரிமை அவர் கையில் இல்லை என்பதால். 1991இல் லினக்ஸை வெளியிட்டபோது, அதைக் காசுக்கு விநியோகிக்கக் கூடாது என்று அவரே நிபந்தனை விதித்திருந்தார். அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டு, ஜிபிஎல் எனப்படும் குனு பொது உரிமத்துக்கு மாறினார். நிரலின் பெரும்பகுதி அன்று அவருடையதாக இருந்ததால் அது எளிதாக நடந்தது. இன்றோ லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்கு நிரல் எழுதுபவர்கள் தங்கள் பதிப்புரிமையை யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. அவரவர் எழுதிய வரிகள் அவரவருக்கோ, அவர்களைப் பணியில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கோதான் சொந்தம். ஆயிரக்கணக்கானோர் பெயரில் கூட்டுப்பட்டாவாகக் கிடக்கும் நிலத்தை யார் தனியாக விற்க முடியும்? ஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பு 2007இல் வந்தபோதும் கெர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. புதிய பதிப்பு டோர்வால்ட்ஸுக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். பிடித்திருந்தாலும் அத்தனை உரிமையாளர்களையும் தேடிப்பிடித்து ஒப்புதல் வாங்குவது ஆகிற காரியமன்று.

எந்த வரி யார் வழியாக வந்தது என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் நிரலை லினக்ஸில் சேர்த்துவிட்டதாக ஐபிஎம் மீது எஸ்சிஓ நிறுவனம் 2003இல் வழக்குத் தொடுத்ததையடுத்து, மறு ஆண்டே ஒரு வழக்கம் வந்தது. பேட்ச் எனப்படும் ஒவ்வொரு நிரல் மாற்றத்தின் விளக்கக் குறிப்பின் இறுதியிலும் ‘சைன்டு-ஆஃப்-பை’ என்று தொடங்கும் ஒரு வரியில், எழுதியவர் தம் பெயரையும் மின்னஞ்சலையும் இட்டு, இந்நிரலை இந்த உரிமத்தின்கீழ் தருவதற்குத் தமக்கு உரிமை உண்டு என்று உறுதியளிக்கிறார். நெட்வொர்க் கார்டு டிரைவரில் செய்த சிறு திருத்தமானாலும், அதைக் கையில் வாங்கி மேலே அனுப்பும் பராமரிப்பாளர் தம் பெயரில் இன்னொரு வரியைச் சேர்த்த பிறகே, அது நெட்வொர்க் பிரிவின் தொகுப்பு வழியாக டோர்வால்ட்ஸிடம் போய்ச் சேரும்.

திறமூலம் என்றாலே இந்தப் பாதுகாப்பு உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். சன் நிறுவனம் 2005இல் தன் இயங்குதளமான சொலாரிஸின் மூலநிரலைத் திறந்துவிட்டபோது, பங்களித்தவர்களிடம் பதிப்புரிமையில் கூட்டுப்பங்கு கேட்டு ஒப்பந்தம் வாங்கிக்கொண்டது. 2010இல் சன்னை வாங்கிய ஆரக்கிள், அதே ஆண்டில் புதிய நிரலை வெளியிடுவதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டது. ஏற்கெனவே வெளியானதைத் திரும்பப் பெற முடியாததால், அதிலிருந்து இல்லுமோஸ் என்ற திட்டம் பிரிந்து வளர்ந்தது என்பது வேறு விஷயம்.

ஆகவே உங்கள் நிர்வாகம் கவலைப்பட வேண்டியது கெர்னலைப் பற்றியன்று, நீங்கள் பயன்படுத்தும் விநியோகத்தைப் பற்றி, அதாவது கெர்னலோடு பிற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பைப் பற்றி. மென்பொருளைப் பெற்றவருக்கு மூலநிரலைத் தர வேண்டும் என்பதே ஜிபிஎல்லின் நிபந்தனை. ஊருக்கெல்லாம் தர வேண்டும் என்பதில்லை, காசு வாங்கவும் தடையில்லை. ரெட் ஹேட் நிறுவனம் 2023இல், பெருநிறுவனங்களுக்கான தன் லினக்ஸ் விநியோகத்தின் மூலநிரலைப் பொதுவில் வைப்பதை நிறுத்தி, வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது இந்த இடைவெளியில்தான். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத டெபியன் என்ற விநியோகத்தில் அப்படி முடிவெடுக்க ஒரு முதலாளியே இல்லை. ஆனால் சந்தா கட்டினால் கிடைக்கும் தொலைபேசி உதவியும் அங்கே கிடையாது, அதற்கு வெளியே ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும்.